பாடுகிறவர் காணாமல் போனால்

பாட்டு ஓடுகிறது. வயலின் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது, ஓரத்தில் அடிக்கும் சலங்கைகூடக் கேட்கிறது. பாடுகிறவரை மட்டும் காணவில்லை. கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல ஒரு சாயல்தான் மிச்சம்.

இந்த நிலைக்கு வந்த ஹெட்போனைத் தூக்கி எறிகிறவர்கள் கனபேர். "ஸ்பீக்கர் அடிபட்டுப் போச்சு" என்பது வழக்கமான தீர்ப்பு. ஸ்பீக்கரில் ஒரு பிழையும் இல்லை. அறுந்தது ஒரேயொரு கம்பி. இடதுக்கும் வலதுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகிற ஏர்த் கம்பி அது. அது அறுந்தால் மின்சாரம் இடது ஸ்பீக்கருக்குள்ளால் போய் வலது ஸ்பீக்கருக்குள்ளால் திரும்ப வேண்டியிருக்கும். அப்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலிக்கும். பாட்டுப் பதிவில் பாடகரும் பேஸ் கிற்றாரும் மிருதங்கமும் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைக்கப்படுவதால் அவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஓரத்தில் இருப்பவைதான் மிஞ்சும்.

அறுந்ததா இல்லையா என்று பார்க்க மூன்று நிமிடம் போதும். முதலில் போனின் கவரைக் கழற்றிவிட்டு ஜாக்கை அடிவரைக்கும் குத்துங்கள். தடித்த றப்பர் கவர் ஒரு மில்லிமீற்றர் மறித்தாலே இதே கோளாறு வரும். அதற்கும் பாடகர் வரவில்லையென்றால், மைக் இருக்கும் வயரில் உள்ள பொத்தானை அமத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் வந்து, விட்டவுடன் போனால் கம்பி அறவில்லை. ஜாக் வகை பொருந்தவில்லை. நாலு பட்டை ஜாக்குகளில் இரண்டு முறை உண்டு. இப்போது எல்லாரும் வைத்திருப்பது சி.ரி.ஐ.ஏ. அதில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது ஏர்த், அடி மைக். பழைய ஓ.எம்.ரி.பி. முறையில் கடைசி இரண்டும் மாறி இருக்கும். சின்ன மாற்றுத் துண்டு ஒன்று வாங்கிப் போட்டால் சரி. பொத்தானை அமத்தியும் குரல் வராவிட்டால்தான் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஹெட்போன் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தால் கதை எப்படிப் போகும் என்று தெரிந்ததுதான். "மச்சான், இது எத்தனை ஓம்?" "பேஸ் எப்படி?" "எவ்வளவுக்கு எடுத்தனி?" வன்னியில் இருந்துகொண்டு இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வயரைக் கழற்றலாமா? காது மெத்தையைக் கழற்றலாமா? ஹெட்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் என்பது மெல்லிய தாள், செப்புச் சுருள், ஒரு காந்தம். அடி படாமல், கூடச் சத்தம் போடாமல் வைத்திருந்தால் இருபது முப்பது வருடம் கிடக்கும். சாவது மற்றவை: ஜாக் அடியில் வயர், வியர்வை பட்ட மெத்தை, அழுக்கு அடைத்த வலை, சூட்டில் வீங்கிய பற்றரி. பரந்தனில் சித்திரை வெயிலும் கிரவல் றோட்டுப் புழுதியும் இந்த நாலையும் தேடி அடிக்கும். கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்து எழுதும் விமர்சனத்தில் இவை வராது.

கழற்றும் வயரிலும் இரண்டு சாதி. காதுக்குள் வைக்கும் இயர்போன்களில் எம்.எம்.சி.எக்ஸ். என்ற வட்ட இணைப்பும், 0.78 மில்லிமீற்றர் இரட்டை ஊசி இணைப்பும் பரவலாக உண்டு. வட்ட இணைப்பு சுழலும். சுழல்வது வசதிதான், ஆனால் சுழலச் சுழல உட்புறம் தேய்கிறது, வியர்வை உப்பு புகுந்து பச்சை பிடிக்கிறது, பிறகு தலையை ஆட்டினால் ஒரு பக்கம் போய் வருகிறது. வியர்க்கும் ஊருக்கு இரட்டை ஊசிதான் என் தெரிவு. அதைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் அடியில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கினால் ஊசி வளையும், சில வேளை முறிந்து உள்ளே நின்றுவிடும். வாரத்துக்கு ஒருக்கால் வயரை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுடைய இயர்போனில் அந்த ஓட்டை தளர்ந்து போவதும் உண்டு. கழற்றலாம் என்பதற்காகக் கழற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

ஜாக் மாற்றுவது

வயர் பெரும்பாலும் ஜாக்கில் இருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள்தான் அறும். போனைக் காற்சட்டைப் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கும்போது மடங்குவது அந்த இடம்தான். எங்கே அறுந்தது என்று உறுதிப்படுத்த மல்ரிமீற்றரை 200 ஓம் அளவில் வையுங்கள். மூன்று பட்டை ஜாக்கில் நுனிக்கும் அடிக்கும் இடையில் இடது பக்கம், நடுப் பட்டைக்கும் அடிக்கும் இடையில் வலது பக்கம். 32 ஓம் என்று போட்டிருந்தால் முப்பதுக்குக் கிட்ட ஒரு எண் வரும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மீற்றர் வயரின் முனையைத் தொட்டவுடன் காதில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. எண் வராமல் நின்று, வயரை ஜாக் அடியில் மடக்கியதும் வந்து வந்து போனால் இடம் பிடிபட்டுவிட்டது.

தேவையானவை: கழற்றித் திறக்கும் 3.5 மில்லிமீற்றர் உலோக ஜாக் ஒன்று, 60/40 ஈயக் கம்பி 0.8 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு முழம், வெப்பத்தில் சுருங்கும் குழாய்த் துண்டு, 30 முதல் 60 வாட் சோல்டரிங் அயன், பழைய ஜாக் சொக்கெற் ஒன்று. ஈயம் பிடிக்க உதவும் பிசினான ரோசின் ஈயக் கம்பிக்குள்ளேயே இருக்கும். தகரம் ஒட்டப் பாவிக்கும் அமிலப் பேஸ்டைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. அன்றைக்கு அருமையாக ஒட்டும், ஒரு மாரி கழிய மயிர்போன்ற அந்தக் கம்பி பச்சையாகி உதிரும்.

வயரை அறுந்த இடத்துக்கு மேலே மூன்று சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். இப்போதே ஜாக்கின் மூடியையும் சுருங்கு குழாயையும் வயரில் கோத்துவிடுங்கள். இதை மறக்காத ஆளே கிடையாது; ஈயம் எல்லாம் வடிவாக வைத்து முடித்த பிறகு மூடி மேசையில் கிடந்து சிரிக்கும்.

மேலுறையைப் பத்து மில்லிமீற்றர் உரித்தால் உள்ளே சிவப்பு, பச்சை அல்லது நீலம், செப்பு நிறம் என்று மெல்லிய நார்கள் இருக்கும். பொதுவாகச் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செப்பு நிறம் ஏர்த். ஆனால் மலிவு வயர்களில் நிறத்தை நம்பி ஈயம் வைக்காதீர்கள், மீற்றரில் பார்த்துவிட்டு வையுங்கள். இங்கேதான் முதற்தரம் செய்கிறவர்கள் எல்லாரும் தோற்கிற இடம் வருகிறது. அந்த நிறம் சாயமில்லை. மின் கடத்தாத வார்னிஷ் பூச்சு. மேலால் ஈயத்தை வைத்தால் உருண்டையாக உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும், மின்சாரம் போகாது. லைற்றரால் சுட்டால் பூச்சு போகும், செப்பும் கருகி நொறுங்கும். பிளேட்டால் சுரண்டினால் பாதி நார் அறும். சரியான வழி, அயனை 380 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நுனியில் புது ஈயத் துளி ஒன்றை நிறுத்தி, நாரின் முனையை அந்தத் துளிக்குள் அமிழ்த்தி மெதுவாக முன்னும் பின்னும் இழுப்பது. மூன்று நாலு செக்கனில் ஒரு சின்னப் புகை எழும், பூச்சு கருகி விலகும், நாரின் நிறம் மாறி வெள்ளி போலப் பளபளக்கும். பளபளப்பு வராதவரைக்கும் அது தயாரில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் புதுத் துளி வையுங்கள்; கருகிய ஈயத்தில் ரோசின் இராது. புகை மூக்குக்கு நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில வயர்களில் நாருக்கு நடுவில் நைலோன் நூல் ஓடும். அது ஈயத்தை ஏற்காமல் கம்பியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், நுனிக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும்.

ஜாக்கைப் பழைய சொக்கெற்றுக்குள் குத்திவைத்துக்கொண்டு ஈயம் வையுங்கள். ஜாக்கின் பட்டைகளைப் பிரிப்பது பிளாஸ்ரிக் வளையம். சூடு கூடினால் அது உருகிப் பட்டைகள் இடம்மாறும், பிறகு அந்த ஜாக் எந்தப் போனுக்குள்ளும் போகாது. சொக்கெற் சூட்டையும் உறிஞ்சும், பட்டைகளையும் நேராகப் பிடித்திருக்கும். ஜாக்கின் காதுகளில் (கம்பி ஒட்டும் தகட்டு முனைகளில்) முன்கூட்டியே கொஞ்சம் ஈயம் பூசி வைத்திருந்தால், கம்பியை வைத்து இரண்டு செக்கனில் முடித்துவிடலாம். முடிந்ததும் மீற்றரால் இடது, வலது, ஏர்த் மூன்றும் ஒன்றோடொன்று முட்டவில்லை என்று பார்த்து, கவ்வியை வயரின் மேலுறை மீது (உட்கம்பி மீதல்ல) நெரித்து, சுருங்கு குழாயைச் சூடாக்கி, மூடியைத் திருகுங்கள்.

திருத்திய பிறகு குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். குரல் இரண்டு காதுக்கும் வெளியே மிதந்து, பேஸ் ஒன்றுமில்லாமல் போனால் ஒரு பக்கத்தின் கூட்டலும் கழித்தலும் மாறிவிட்டன என்று அர்த்தம். இரண்டு பக்கமும் தனித்தனி வயரில் வந்து, காதுப் பக்கத்தில் ஈயம் வைத்திருந்தால் இது நடக்கும். ஒரு பக்கத்து இரண்டு கம்பிகளையும் மாற்றி வைத்தால் தீர்ந்தது.

ஒரு காது குறைந்தால்

காதுக்குள் வைக்கும் இயர்போனில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பத்தில் எட்டுத் தரம் வலைதான் காரணம் என்று நினைத்துத் தொடங்கலாம். றப்பர் முனையைக் கழற்றி, போன் லைற்றைப் பிடித்து, குழாயின் வாயைப் பாருங்கள். மெல்லிய உலோக வலையில் மெழுகு படிந்திருக்கும். வியர்வை ஆவி அந்த மெழுகில் பட்டு ஒரு படலம்போல மூடிவிடும். அதனால்தான் வேலை செய்துகொண்டு கேட்கும்போது ஒரு பக்கம் குறைந்து, இரவு கழற்றி வைத்துக் காலையில் எடுத்தால் திரும்பச் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்ததில்லை, ஈரம் காய்ந்தது.

குழாயின் வாய் நிலத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கீழே இருந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுங்கள். குச்சி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. வாய் மேலே பார்த்தால் கரைந்த மெழுகு உள்ளே இறங்கிவிடும். வாயால் உறிஞ்சுவது, தூசி உறிஞ்சும் மெஷினை வைப்பது இரண்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் தாள் அவ்வளவு இழுவையைத் தாங்காது, ஒருமுறை மடிந்தால் கரகரப்பு நிரந்தரம். வலை அடியோடு கெட்டிருந்தால் ஊசி நுனியால் கிளப்பி எடுத்துவிட்டுப் பசையுள்ள புது வலை ஒட்டலாம். நாலு, நாலரை, ஐந்து மில்லிமீற்றர் என்று விட்டங்கள் உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஈரத்துக்கு மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, இறுக மூடும் ஒரு சின்ன டப்பா. மருந்து முடிந்த அன்றைக்கே பொட்டலத்தை எடுத்து மூடி வைத்ததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் அலுமாரியில் திறந்து கிடந்தது ஏற்கெனவே வயிறு நிரம்பியது. நெல் விளைகிற ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை என்பதற்காக இயர்போனை அரிசிப் பானைக்குள் புதைக்கிற பழக்கம் இருக்கிறது. அரிசி ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சாது, தவிட்டுத் தூளைத் தாராளமாகக் கொடுக்கும்.

இயர்போனின் உடலில் ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு ஓட்டைகள் இருக்கும். அலங்காரமில்லை, காற்றோட்டம். காதுப் பக்கத்து ஓட்டை கிரவல் தூசியால் அடைத்தால் பேஸ் கூடி மொத்தமாகும், காதில் வைக்கும்போது தாள் மடங்கும் "கிரிச்" சத்தமும் வரும். பின்பக்கத்து ஓட்டை அடைத்தால் பேஸ் மெலியும். ஆனால் "பேஸ் இல்லை" என்ற முறைப்பாடுகளில் முக்கால்வாசிக்கு ஓட்டையும் காரணமில்லை, விலையும் காரணமில்லை. றப்பர் முனை காதை அடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். பாட்டு ஓடும்போது விரலால் மெல்ல அமத்தினால் பேஸ் திடீரென்று வருகிறதா? வந்தால் ஒரு அளவு பெரிய முனை தேவை. இடது காதுக்கு நடுத்தரமும் வலது காதுக்குப் பெரிதும் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தலைக்கு மேலால் போடும் ஹெட்போனில் ஈரத்தின் வேலை வேறு விதம். கறுப்புச் செயற்கைத் தோல் மெத்தை வெப்பத்திலும் ஈரத்திலும் இரசாயனமாகவே உடைகிறது. காதைச் சுற்றிக் கறுப்புத் துகள் ஒட்டத் தொடங்கினால் அதைத் தடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். வெல்வெற் மெத்தை சூட்டுக்கு நல்லது. கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவிடலாம். வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு கெட்டியாகும். மெத்தை மாறினால் ஒலியும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. 1984இல் வந்து இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கும் கோஸ் போர்ட்டா புரோவில் இருப்பது வெறும் பஞ்சு வட்டம். காற்றுப் போகும், வியர்க்காது, பஞ்சு உதிர்ந்தால் கொஞ்சக் காசுக்கு இரண்டு வட்டம் வாங்கிப் போடலாம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் கேட்க அதைப்போல ஒன்றில்லை. வெளிச்சத்தம் முழுக்க உள்ளே வரும் என்பதுதான் அதன் குறையும், பிறகு சொல்லப்போகிறபடி, அதன் பெருமையும்.

ஓம் கதை

"ஓம் கூடினால் நல்லது" என்பது பாதிக் கதை. ஓம் என்பது தரமில்லை, தடை. எவ்வளவு சத்தம் வரும் என்பதற்கு ஓமும் உணர்திறனும் சேர்ந்துதான் பதில் சொல்லும். பெட்டியில் பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். போனும் டொங்கிளும் (போனின் சார்ஜ் ஓட்டையில் செருகி ஜாக்கைக் குத்தும் சின்னத் துண்டு) தருவது வோல்ட் கணக்கு. மாற்றுவது சுகம்: 16 ஓம் என்றால் 18ஐக் கூட்டுங்கள், 32 என்றால் 15, 64 என்றால் 12, 250 என்றால் 6, 300 என்றால் 5. வருவது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல் என்பது. 32 ஓம், 100 டெசிபெல் இயர்போன் ஒரு வோல்ட்டில் 115 போகும். காதைக் கெடுக்க அது தாராளம். பெயர்டைனமிக் டிடி 770 புரோவின் 250 ஓம் வகை 96 டெசிபெல். கூட்டினால் 102. பாட்டின் சராசரி, அதன் உச்சத்துக்குப் பதினைந்து இருபது டெசிபெல் கீழே ஓடும் என்பதால் அதுவும் நடுத்தரச் சத்தத்துக்குப் போதும். அதே ஹெட்போன் 32, 80 ஓமிலும் கிடைக்கிறது. போனில் மட்டும் கேட்கிறவர் 250ஐத் தேடிப் போய் அதற்கு அம்பிளிஃபயர் வேறு வாங்குவது வீண் வேலை.

ஆப்பிளின் சின்ன டைப்-சி டொங்கிள் ஒரு வோல்ட் தரும், ஐரோப்பிய வகை அதில் பாதி. வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவரும்போது இதைக் கவனிக்க வேண்டும், பாதி என்றால் ஆறு டெசிபெல் குறைவு. அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் இந்த டொங்கிளின் உள் ஒலியளவு முழுதாகத் திறபடாது, அதனால் சத்தம் மெல்லியதாக வரும். டொங்கிளை நேரடியாகப் பிடித்து இயக்கும் பாட்டுச் செயலிகளில் அந்தக் குறை வராது.

கரண்ட் பற்றி. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு கேட்டால் "ங்ங்" என்ற இரைச்சல் வரும், உலோகத்தைத் தொட்டால் அது மாறும், உதட்டில் பட்டால் சுருக்கென்று இருக்கும். இரண்டு ஊசிச் சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க ஒரு சின்னக் கெப்பாசிற்றர் இருக்கிறது; 230 வோல்ட்டில் பாதியளவு அதனூடாக, மிக நுண்ணிய மின்சாரமாகக் கசிகிறது. நல்ல சார்ஜரில் அது ஆளைக் கொல்லாது. நடைபாதையில் வாங்கிய எடை குறைந்த சார்ஜருக்கு அந்த உத்தரவாதம் இல்லை, ஈரக் காதில் வயரை வைத்துக்கொண்டு பரீட்சித்துப் பார்க்கிற விடயமும் இல்லை. சோலர் இன்வேர்ட்டரில் ஓடும் மடிக்கணினியிலும் இதே இரைச்சல் வரும், மலிவு இன்வேர்ட்டர் என்றால் இன்னும் கூர்மையாக. மருந்து ஒன்றுதான்: சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் கேளுங்கள்.

பற்றரி மின்சாரத்தின் சுத்தத்தை வன்னி வேறு வழியில் படித்தது. தொண்ணூறுகளில் தேசிய மின்சாரமும் இல்லை, ரோர்ச் பற்றரியும் தடைப்பட்ட பொருள். அப்போது வானொலி ஓடியது சைக்கிள் டைனமோவில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார், மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட், ஆடல் மின்சாரம். நேரே வானொலிக்குக் கொடுத்தால் உறுமும். நாலு டயோடைப் பாலமாகப் போட்டு, 1000 அல்லது 2200 மைக்ரோபரட் கெப்பாசிற்றர் ஒன்றைக் குறுக்கே வைத்தால் உறுமல் அடங்கும். டயோடுகள் ஏறக்குறைய 1.4 வோல்ட்டைத் தின்றுவிடும். சுற்றுகிற கை களைத்தால் வோல்ட் இறங்கும், கசெற்றில் பாடுகிறவரின் குரல் தடித்து இழுபடும். மின்வழங்கி மோசமானால் ஒலி என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லாத தலைமுறை அது.

வயரில்லாத இயர்பட்ஸ் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வசதி, சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பற்றரி அனேகமாக 30 முதல் 60 மில்லியம்பியர் மணி, இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், பெரும்பாலானவற்றை உடைக்காமல் திறக்க முடியாது. ஆயுளைக் கூட்ட மூன்று வழி: மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வெயிலில் வைக்காதீர்கள், 45 பாகைக்கு மேலே சார்ஜ் ஏற்றாதீர்கள், வெயிலில் இருந்து எடுத்ததும் அரை மணித்தியாலம் நிழலில் ஆறவிடுங்கள். ஒரு பக்கம் சார்ஜ் ஏறாவிட்டால் பயப்பட முதல் பெட்டிக்குள்ளும் இயர்பட்டிலும் உள்ள பொன்னிறப் புள்ளிகளை ஸ்பிரிட்டால் துடையுங்கள், வியர்வை உப்புத்தான் பெரும்பாலும். கதைக்கும்போது ஒலி திடீரென்று டெலிபோன் போல மாறுவது கோளாறில்லை. மைக் திறந்தவுடன் புளூடூத் தரம் குறைந்த அழைப்பு முறைக்கு இறங்குகிறது, அவ்வளவுதான்.

எதைப் போட்டுப் பார்ப்பது

ஹெட்போன் கடையில் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லா ஹெட்போனும் நல்லதுதான். பரீட்சைக்கு எங்கள் ஊர்ச் சரக்கே போதும். ஒன்று, நன்கு தெரிந்த ஒருவர் பேசிய பதிவு. "ச", "ஸ" வரும் இடங்களில் காதைக் குத்தினால் 6000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு மேடு இருக்கிறது. இரண்டு, நாதஸ்வரமும் தவிலும். நாதஸ்வரத்தின் பலம் 2000 முதல் 4000 வரை காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் குவிகிறது. அந்தப் பகுதி தூக்கலான ஹெட்போனில் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாது. தவிலின் தொப்பிப் பக்கம் "தொம்" என்று நின்று அடங்குகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். மூன்று, கோயில் திருவிழாவில் போனில் எடுத்த கூத்துப் பதிவு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்தவர் போனில் அப்படி ஒன்றாவது இருக்கும். குழாய் ஸ்பீக்கரில் இருந்து வந்து, போன் மைக்கில் நசிந்த ஒலி அது. விலைகூடிய ஹெட்போன் அதை இன்னும் மோசமாகக் காட்டும், ஏனென்றால் உள்ளதை உள்ளபடி சொல்லும்.

அப்படிப்பட்ட பதிவுக்கு ஈக்குவலைசர்தான் கதி. 3000 ஹெர்ட்ஸில் நாலு டெசிபெல் குறைத்து, 100க்குக் கீழே உள்ள காற்று இரைச்சலை வெட்டி, 200க்குக் கிட்ட இரண்டு கூட்டினால் குரல் மனிதக் குரலாகும். எதையாவது கூட்டினால் அதே அளவுக்கு முன்னொலியை (ஈக்குவலைசரில் ப்ரீஅம்ப் என்று இருக்கும் மொத்த அளவு) குறைக்க வேண்டும். 2 கூட்டினால் முன்னொலி கழித்தல் 2. அதைச் செய்யாமல் "ஈக்குவலைசர் போட்டால் கிழியுது" என்று சொல்வதில் நியாயமில்லை. அன்ட்ரொயிட்டில் வேவ்லெற், விண்டோஸில் ஈக்குவலைசர் ஏ.பி.ஓ. இரண்டும் இதற்கு உதவும், இரண்டையும் இலவசமாக இறக்கலாம்.

எவ்வளவு சத்தம், எங்கே

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதி: 83இல் 20, 86இல் 10, 89இல் 5. கிளிநொச்சியில் ஏறி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர், என்ஜின் இரைச்சலையும் பஸ்காரர் போடும் பாட்டையும் மூட 89இல் வைத்தால், போய்ச் சேர முன்னமே அந்த வாரத்துப் பங்கு முடிந்துவிடும். அதற்கு மருந்து சத்தத்தைக் கூட்டுவதில்லை, வெளிச்சத்தத்தைக் குறைப்பது. காதை நன்றாக அடைக்கும் முனை நடு, மேல் ஒலிகளை இருபது டெசிபெல்லுக்கு மேல் குறைக்கும். என்ஜினின் அடி உறுமலுக்குத்தான் சத்தம் நீக்கும் மின்னணு வகை உதவும். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓட்டுகிறவரின் காதடியில் 90 டெசிபெல் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு மேலால் பாட்டுக் கேட்க முயல்கிறவர் இரண்டு சத்தத்தையும் சேர்த்துக் காதுக்குள் வாங்குகிறார். அங்கே போட வேண்டியது காதடைப்பான், இயர்போன் இல்லை.

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது எதுவுமே வேண்டாம். இரவில் கட்டாக்காலி மாடுகள் றோட்டில் படுத்திருக்கும் இடங்களில் பின்னால் வரும் லொறியின் ஹோர்ன்தான் சில வேளை முதல் எச்சரிக்கை.

காவல் கொட்டில் வேறு கதை. கச்சான் தோட்டத்திலும் காலபோக வயலிலும் இரவு விழித்திருக்கிறவருக்குப் பாட்டு வேண்டும், நித்திரை வராமல் இருக்க. ஆனால் அவர் அங்கே இருப்பது கேட்பதற்கு: தடி முறிகிற சத்தம், பன்றி கிண்டுகிற சத்தம், யானை காது அடிக்கிற சத்தம். காதை அடைக்கும் இயர்போன் அந்த வேலையையே கெடுத்துவிடும். இங்கேதான் போர்ட்டா புரோ போன்ற திறந்த பஞ்சு வகை பெருமை பெறுகிறது. அது இல்லாதவர் ஒரு காதை மட்டும் போடலாம், அப்போது மறுபக்கத்து ஒலி தவறிப் போகாமல் இருக்க போன் அமைப்பில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் "மோனோ ஒலி" என்பதைத் திறந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் கலந்து ஒரே காதில் வரும். போடாத பக்கத்தை நெஞ்சில் தொங்கவிடாமல் பின்பக்கமாகச் சட்டைக் கொலருக்குள் செருகுங்கள். ரோர்ச்சை எடுத்துக்கொண்டு எழும்பி ஓடும்போது வயர் கொட்டில் கம்பில் மாட்டி அறுவது அந்தத் தொங்கும் பக்கத்தால்தான். ஒலியளவு, பக்கத்து வயல்காரர் சாதாரணமாகக் கூப்பிட்டால் கேட்கிற அளவு. கேட்கிறதா என்று அவரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டு இருங்கள்.